குடியிருக்கும் வாரிய வீட்டை விற்கப் போகிறார்கள் என்றால்: வாடகைதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (கன்னியாகுமரி மாவட்டம்)

அரசு வாரியம் கட்டி வாடகைக்கு விட்ட அடுக்குமாடிக் குடியிருப்பை மொத்தமாகத் தனியாருக்கு விற்கும் பேச்சு கிளம்பும்போது, அங்கே குடியிருப்பவர்கள் அதை எப்படி எதிர்ப்பது என்பதை இங்கே சொல்லியிருக்கிறோம். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தின் வாடகை வீடுகளை வைத்து எழுதியது. 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்றிருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அங்கே ஒதுக்கீட்டு நிபந்தனைகள் வேறு என்பதால் உங்கள் ஆணையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடருங்கள்.

விற்பனை உறுதியா, வெறும் பேச்சா? எப்படித் தெரியும்?

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமாக இப்படித்தான் நகரும்: உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்திலிருந்து ஒரு முன்மொழிவு, வாரியக் கூட்டத்தில் தீர்மானம், வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் அரசாணை, நில மதிப்பீடு, டெண்டர் அல்லது ஏல அறிவிப்பு, கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம்.

தீர்மானமும் அரசாணையும் வரும்வரை மனுவுக்கும் சட்டமன்ற உறுப்பினரின் பேச்சுக்கும் பலன் இருக்கும். டெண்டர் வந்துவிட்டால் நாட்கணக்கில் நீதிமன்றம் போக வேண்டும். பத்திரம் பதிவானபின் மூன்றாவது ஆளின் உரிமை உள்ளே வந்துவிடும். அதன்பிறகு பழைய நிலைக்குத் திருப்புவது மிகக் கடினம். எனவே முதல் வேலை, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்து சுற்றுச்சுவரை அளப்பது, காலியாகும் வீடுகளுக்கு மறு ஒதுக்கீடு நின்றுபோவது, பராமரிப்புப் புகாருக்கு ‘ஃபண்ட் இல்லை’ என்ற பதில் மட்டும் வருவது, இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தால் முன்மொழிவு போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்பது?

ஆவணத்தைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள். ‘எங்கள் குடியிருப்பை ஏன் விற்கிறீர்கள்?’ என்று எழுதினால், கருத்து கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ‘இன்ன குடியிருப்பின் விற்பனை, இடிப்பு, மறுகட்டுமானம் தொடர்பாக இன்ன தேதி முதல் இன்று வரை உள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களின் நகல்’ என்று கேட்டால் தட்டிக்கழிக்க இடம் குறையும். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

- வாரியத் தீர்மானத்தின் நகலும் தேதியும்
- நில மதிப்பீட்டு அறிக்கை, மதிப்பீடு செய்தவரின் பதவி
- கட்டடத் தன்மைச் சான்று, அதற்கு அடிப்படையான சோதனை முடிவுகள்
- கடந்த 10 ஆண்டில் இந்தக் குடியிருப்புக்கு ஒதுக்கிய பராமரிப்புத் தொகை, செலவழித்த தொகை, ஆண்டுவாரியாக
- மொத்த வீடுகள், காலி வீடுகள், ஒவ்வொன்றும் காலியான தேதி
- நிலம் வாரியத்துக்கு வந்த ஆணை, அதன் நிபந்தனைகள்

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியே அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்றோடு விண்ணப்பித்தால் கட்டணமே இல்லை. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒரே விண்ணப்பத்தை நம்பி உட்காராதீர்கள். பிரிவு அலுவலகத்தின் செயற்பொறியாளர் மற்றும் நிர்வாக அலுவலருக்கு ஒன்று, வாரியத் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, தலைமைச் செயலகத்தில் துறைக்கு ஒன்று என மூன்று பேர் தனித்தனியாக அனுப்புங்கள். ஓரிடத்தில் ‘கோப்பு இல்லை’ என்று வரும், இன்னோரிடத்தில் அதே கோப்பின் எண்ணோடு பதில் வரும். அந்த முரண்பாடு பின்னால் நீதிமன்றத்தில் உதவும். அவசரமென்றால் நகல் கேட்காமல் கோப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

வாடகைச் சட்டம் எங்களைக் காப்பாற்றாதா?

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் (2017) அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சட்டப்படி அமைந்த வாரியங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்குப் பொருந்தாது. வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டிவரும்.

உங்களுக்கு இருப்பது வேறு வகையான பாதுகாப்பு. வாரியம் அரசின் கை. மனம்போனபடி நடக்க அதற்கு உரிமை இல்லை. பொதுச் சொத்தைக் கைமாற்றும் முறை வெளிப்படையாக இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அரசமைப்பின் 14-ஆவது பிரிவிலிருந்து வருவது. குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டுமானால் முதலில் ஒதுக்கீட்டை ரத்து செய்து, பிறகு 1975-ஆம் ஆண்டுப் பொது இடங்கள் சட்டம் போன்ற ஒன்றின்படி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அந்தச் சட்டத்தில் ‘அங்கீகாரமின்றிக் குடியிருப்பவர்’ என்ற சொல் ஒதுக்கீடு ரத்தானவரையும் சேர்த்துக்கொள்ளும். ஒதுக்கீடு உயிரோடு இருக்கிறவரைதான் உங்கள் கால் தரையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் புரிய வையுங்கள்.

வாடகை பாக்கி உள்ளது. இப்போது கட்டலாமா? வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்களே.

கட்டுங்கள். இந்த வாரமே கட்டுங்கள். எதிர்ப்பின் அடையாளமாக வாடகையை நிறுத்துவது உங்கள் கழுத்துக்கு நீங்களே கயிறு கொடுப்பது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய அதைவிட எளிய காரணம் வாரியத்துக்குக் கிடைக்காது. மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதிக் கொடுத்து, முதல் தவணையை அன்றே கட்டி ரசீது வாங்குங்கள்.

அலுவலகத்தில் வாடகை வாங்க மறுத்தால் அந்த மாதத் தொகைக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, வீட்டு எண்ணும் மாதமும் குறிப்பிட்டு, கடிதத்தோடு தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அஞ்சலகத்தில் பட்டுவாடாச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள். நகலின் ஓரத்தில் வீட்டு எண்ணையும் எந்த மாதத்துக்கான வாடகை என்பதையும் பேனாவால் எழுதி வையுங்கள்.

ஒதுக்கீடு அப்பா பெயரில். அவர் இறந்துவிட்டார். நாங்கள் சேரலாமா?

சேரலாம், சேரத்தான் வேண்டும். ஆனால் முதலில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம், அசல் ஒதுக்கீட்டு ஆணை, பாக்கியின்மைக்கான ரசீது. வாரியம் மாற்றித் தராமல் இழுத்தடித்தாலும், விண்ணப்பித்த தேதியோடு ஒப்புகை கையில் இருந்தால் ‘ஆளே மாறிவிட்டார், எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

உள்வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை வேறு. ஒதுக்கீடு பெற்றவர் வெளியூரில், இருப்பவர் இன்னொருவர் என்றால் சட்டத்தில் நிற்க இடம் மிகக் குறைவு. அதை மறைத்துப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒட்டுமொத்த வழக்கும் சரியும். இப்படிப்பட்ட குடும்பங்களைச் சங்கத்திலும் கூட்டங்களிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுவாழ்வுக் கோரிக்கையில் அவர்களுக்கும் இடம் கேளுங்கள். ரிட் மனுவில் (அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடுவது) மனுதாரராக மட்டும் போடாதீர்கள். பணிக்காலம் வரைக்கும் என்று அரசு ஊழியர் வாடகைத் திட்டத்தில் வந்து, ஓய்வுக்குப் பிறகும் தங்கியிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கணக்கெடுப்பு என்று வந்து கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

படிவத்தின் கடைசி வரியைப் படிக்காமல் போடாதீர்கள். மேலே பெயர், குடும்ப உறுப்பினர், ஆதார் எண் என்று சாதாரணமாக இருக்கும். கையெழுத்துக் கோட்டுக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் ‘வாரியம் கோரும்போது காலி செய்து தரச் சம்மதிக்கிறேன்’ என்றோ ‘தங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்’ என்றோ இருந்தால் அது கணக்கெடுப்பு அன்று, சம்மதப் பத்திரம். அந்த வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ‘விவரங்களுக்கு மட்டும், விற்பனைக்கோ காலி செய்வதற்கோ சம்மதம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களிடம்தான் முதலில் போவார்கள். மாடிப்படிக்கு ஓர் ஆள் என்று பொறுப்பு பிரித்து, யார் வந்தாலும் அவரைக் கூப்பிடச் சொல்லி வையுங்கள்.

சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

மனு கொடுக்கத் தேவையில்லை, வழக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் தேவை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். சங்க விவரக் குறிப்பும் துணை விதிகளும் எழுதி நாகர்கோவில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நோக்கங்களில் ‘குடியிருப்போரின் வாழ்விட உரிமை தொடர்பான சட்ட நடவடிக்கை எடுத்தல்’ என்ற வரி இல்லாவிட்டால் பிறகு எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

கூட்டத் தீர்மானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வீட்டு எண்ணோடு கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் ஞாயிறு காலையில் கூட்டம் வைத்தால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது; மாலையில் வையுங்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள், பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும்.

‘கட்டடம் அபாய நிலையில் இருக்கிறது, அதனால்தான் விற்கிறோம்’ என்கிறார்கள். என்ன பதில்?

பெரும்பாலும் வாரியம் முன்வைக்கும் முதல் காரணம் இதுதான், பாதி உண்மையாகவும் இருக்கும். எனவே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மறுக்காதீர்கள். எந்த அளவு பழுது, எதனால், பழுதுபார்க்க என்ன செலவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் கட்டடம் கெடும் விதம் தெரிந்ததுதான். கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கம்பிக்குக் கீழே உள்ள காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. சன்ஷேடு, பால்கனி அடிப்பகுதி, குளியலறைக் கூரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பகுதி ஆகியவைதான் முதலில் போகும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால் மாடி வடிகுழாய் அடைத்திருந்தால் தளம் வருடத்தில் பல மாதம் ஈரத்திலேயே கிடக்கும். சன்ஷேடு பெயர்ந்ததை வைத்துத் தூணும் உத்தரமும் கெட்டுவிட்டதாக முடிவுகட்ட முடியாது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சுவரில் அரசங்கன்று முளைப்பதும் ஜன்னல் வழியே மழை இறங்குவதும் மறு ஒதுக்கீடு செய்யாததன் விளைவு.

கண்ணால் பார்த்து எழுதிய ஒரு பக்கச் சான்றை ஏற்காதீர்கள். தூண், உத்தரம், தளம் ஒவ்வொன்றிலும் எத்தனை இடத்தில் ரீபவுண்ட் ஹாமர் (சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்ப்பது), அல்ட்ராசோனிக் (ஒலி அலை செலுத்திப் பார்ப்பது) சோதனை செய்தார்கள், எத்தனை கோர் (துளையிட்டு எடுக்கும் காங்கிரீட் உருளை) எடுத்து உடைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ரீபவுண்ட் ஹாமர் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். பழைய காங்கிரீட்டில் அது தப்பான நம்பிக்கையும் தரும், தப்பான பயமும் தரும். பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், அது போய்விட்ட பகுதி நிறம் மாறாது. ஆனால் உப்பின் அளவை அது காட்டாது. கடலோரக் கட்டடத்துக்குப் பல ஆழங்களில் தூள் எடுத்துச் செய்யும் குளோரைடு சோதனையும், கம்பியின் துரு நிலையைப் பார்க்கும் ஹாஃப் செல் சோதனையும் இல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கைதான். கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியின் கட்டடவியல் துறையை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மனுவில் கோரலாம்.

நீங்களும் பதிவு வையுங்கள். ஒவ்வொரு விரிசலையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, பிளாக், மாடி, அறை குறித்து, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். நீளாத விரிசலும் நீளும் விரிசலும் ஒன்றல்ல.

உண்மையிலேயே ஆபத்து என்று சோதனை சொன்னால்? உயிர்தான் பெரிது. அப்போது கோரிக்கை, இடித்துக் கட்டுங்கள், அதே இடத்தில் அதே வாடகைதாரர்களுக்கு வீடு தருவதாக வீட்டு எண்வாரியாக ஆணை கொடுங்கள், கட்டி முடியும்வரை வெளியே இருக்க வாடகை கொடுங்கள் என்று மாற வேண்டும். இடிப்பது வேறு, விற்பது வேறு. ஒன்றுக்கு இன்னொன்று காரணமாகாது.

‘எங்களுக்கே விற்றுவிடுங்கள்’ என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் இரண்டாவது கோரிக்கையாக. விலை பேச்சிலிருந்து ஆரம்பித்தால் விற்பனைக்கு நீங்கள் ஒத்துக்கொண்டதாகவே கோப்பில் ஏறும். முதல் கோரிக்கை: விற்காதே, பழுதுபார்த்து வாடகைக் குடியிருப்பாகவே வைத்திரு. இது நீங்கள் மட்டும் அனுபவிக்கும் சலுகையைப் பற்றியது அன்று. நாகர்கோவிலில் சிறு சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடு பொதுவில் இல்லாமலே போய்விடும். அடுத்து வரும் குடும்பத்துக்கும் அந்த வீடு வேண்டும்.

அது நடக்காத நிலையில்தான் இது: வெளியாருக்கு முன் குடியிருப்போருக்கு, ஏல விலையில் இல்லாமல் நிர்ணய விலையில், தவணை முறையில். அதிலும் வாங்க முடியாதவர் வாடகைதாரராகவே தொடர வழி வேண்டும். பணமுள்ள பத்து வீடு வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் கைவிடும் இடத்தில்தான் இப்படிப்பட்ட போராட்டங்கள் உடைகின்றன. இடைத்தரகர் யாராவது ‘விருப்பக் கடிதமும் அட்வான்சும் கொடுங்கள், வீட்டை உறுதி செய்கிறேன்’ என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டத்தில் மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்குச் சம்மதம் என்று வருவதைச் சிலர் இங்கே கொண்டுவருகிறார்கள். அது வீட்டுக்கு உரிமையாளர்களாக இருப்பவர்களுக்கு. வாடகைதாரருக்கு அந்த வாக்கு கிடையாது.

மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது?

திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அதே மனு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர், துறைச் செயலாளர், சட்டமன்ற உறுப்பினர், மாமன்ற உறுப்பினர் ஆகியோருக்கும். முதல்வர் உதவி எண் 1100-இலும் பதியலாம். ஒரே பக்கம், நான்கு கோரிக்கைக்கு மேல் வேண்டாம். ஆர்ப்பாட்டம் என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒப்புகை வாங்குங்கள்.

நிலத்தின் பழைய ஆவணத்தில் மலையாளமும் புரியாத வருடமும் இருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் மூல ஆவணங்கள் அப்படித்தான் இருக்கும். வருடம் கொல்லம் ஆண்டு. சிங்ஙம் (ஆவணி) பிறந்து டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824-ம், ஜனவரிக்குப் பிந்தியதற்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பழைய சர்வே எண்ணும் மறு நில அளவைக்குப் பின் வந்த எண்ணும் வேறாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். புறம்போக்கு நிலம் வீடு கட்டுவதற்கு என்ற நிபந்தனையோடு வாரியத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அது வலுவான வாதம். முழு விலைக்குக் கையகப்படுத்திய நிலமென்றால் இந்த வாதம் தனியாக நிற்காது. உங்கள் வக்கீலிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றத்தில் என்ன கிடைக்கும்?

அரசையும் சேர்த்துப் போடும் சிவில் வழக்கென்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி 2 மாத முன்னறிவிப்பு, அவசரத்துக்கு விலக்கு கேட்பது என்று நேரம் போகும். பொதுவாக வழி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட். ‘வாரியம் என்றைக்கும் விற்கவே கூடாது’ என்ற உத்தரவை எதிர்பார்க்காதீர்கள். நடைமுறை சரியா, உங்களைக் கேட்டார்களா, அடிப்படை அறிக்கை உண்மையா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் உத்தரவிடு’ என்று மட்டும் வருவதும் உண்டு. அது தோல்வி ஆகாது. அந்தக் காலத்துக்குள் விற்பனை கூடாது என்ற வரி உத்தரவில் இருக்கும்படி வக்கீல் கேட்க வேண்டும். தடை உத்தரவு கிடைத்தால் நகலை அன்றே வாரியத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100.

எங்காவது இப்படி நிறுத்தியிருக்கிறார்களா?

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரம் தன் குடியிருப்பு நிறுவனத்தை விற்கப் பார்த்தபோது 2006 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 70 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்து நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2002-இல் மாநகராட்சி வீடுகளைக் கைமாற்றும் திட்டத்தைக் குடியிருப்போர் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். மறுபக்கம், பெர்லின் 2004-இல் சுமார் 65,000 வீடுகளை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. பின்னாளில் வாடகை ஏறி, பெரிய நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கக் கோரி 2021-இல் அங்கே வாக்கெடுப்பு நடந்து பெரும்பான்மையும் கிடைத்தது. நம் சட்டத்தில் அப்படி வாக்கெடுப்பு இல்லை. அதனால் நீங்களே வீட்டுவாரியாக நடத்தி, கையெழுத்துப் பட்டியலை மனுவோடு இணையுங்கள். 48 வீட்டில் 44 வீடு எதிர்க்கிறது என்ற தாளை எந்த அதிகாரியும் கோப்பிலிருந்து எடுத்துவிட முடியாது.

கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

கிழிக்காதீர்கள். கதவு எண் தெரியும்படி படம் எடுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, பதிலுக்குக் கடைசி நாள் எது என்று பாருங்கள். விளக்கம் கேட்கும் நோட்டீஸானால் அந்த நாளுக்குள் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பதில் கொடுக்க வேண்டும், சங்கத்தின் ஒரே கடிதம் போதாது. வெளியேற்றும் உத்தரவென்றால் மேல்முறையீட்டுக் காலம் மிகக் குறுகியது. அன்றே வக்கீலைப் பாருங்கள்.

பத்திரம் பதிவாகிவிட்டது. இனி?

வில்லங்கச் சான்று போட்டு யார் பெயரில், என்ன விலைக்கு, என்ன நிபந்தனையோடு என்று பாருங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலும் எடுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் (1882) 109-ஆவது பிரிவுப்படி வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். கட்டடம் கைமாறியதாலேயே உங்கள் குடியிருப்பு உரிமை முடிந்துவிடாது.

ஆனால் தனியார் கைக்குப் போனதும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தத் தொடங்கும். அந்தச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்யக் கேட்கும் காரணங்களில் ஒன்று. எனவே வாங்கியவருக்குத் தபாலில் எழுதுங்கள்: நான் இன்ன ஆணைப்படி இன்ன வாடகையில் குடியிருக்கிறேன், வாடகை செலுத்த வங்கிக் கணக்கு விவரம் தாருங்கள், எழுத்து ஒப்பந்தம் செய்யத் தயார். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் எழுதுங்கள். வாரியத்தில் கட்டிய முன்பணம் புதியவருக்கு மாற்றப்பட்டதா என்பதை வாரியத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரியம் வாங்கியவரிடம் கேள் என்றும், வாங்கியவர் வாரியத்திடம் கேள் என்றும் அலைக்கழிப்பது இந்தத் தொகைக்குத்தான்.